30 மில்லிமீட்டரின் விலை

காரின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கி நிற்கும் சுருள்வில்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடக் குட்டையான, சற்று விறைப்பான வேறு சுருள்வில்களைப் பொருத்தி, வண்டி நிற்கும் உயரத்தை 20 முதல் 50 மி.மீ. வரை குறைப்பதையே வாகன ஆர்வலர்கள் ‘லோயரிங்’ என்கிறார்கள். சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்து நிற்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்கி வண்டி தரையோடு படிந்தாற்போல் தோன்றுவதும், திருப்பங்களில் சாய்வு குறைவதும் இம்மாற்றத்தால் எதிர்பார்க்கப்படும் பலன்கள். உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் காயிலோவர், காற்றுப்பை சஸ்பென்ஷன் போன்ற பிற வழிகளைவிட நான்கு சுருள்வில்களின் விலை மிகக் குறைவு என்பதால், கையில் அதிகப் பணம் இல்லாதவர்கள் முதலில் நாடுவது இவ்வழியைத்தான். அந்த ஆசையில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் குறைக்கப்படும் அந்த 30 மி.மீ. எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கென்று வடிவமைப்பாளர் ஒதுக்கிய தூரத்திலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது. குறைந்த செலவில் வண்டியைத் தாழ்த்த நினைப்பவர் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது இந்த அசைவுத் தூரத்தையே.

ஒரு சுருள்வில்லின் விறைப்பு என்பது அதனை ஒரு மி.மீ. அமுக்கத் தேவைப்படும் எடையாகும். அமுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் அமுங்கும் என்ற ராபர்ட் ஹூக்கின் விதி பள்ளிப் பாடத்தில் படித்ததுதான் என்றாலும், காருக்கு அதைப் பொருத்திப் பார்க்கும்போது எதிர்பாராத விளைவுகள் பல வெளிப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் முன்புறம் இருப்பதால் எடையில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. சக்கரம், பிரேக் போன்றவற்றின் எடையைக் கழித்தால், முன்புறச் சுருள்வில் ஒவ்வொன்றும் தாங்கும் பாரம் சுமார் 300 கிலோ. வில்லின் விறைப்பு மி.மீ.க்கு 2 கிலோ என்று கொண்டால், வண்டி சும்மா நிற்கும்போதே அது 150 மி.மீ. அமுங்கியிருக்கும். அந்நிலையிலிருந்து, பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் இன்னும் 70 மி.மீ. மேலேறிய பிறகு ‘பம்ப் ஸ்டாப்’ எனப்படும் தடுப்பு, அதாவது ஷாக் அப்சார்பரின் தண்டில் கோத்திருக்கும் மென்மையான பாலியுரித்தேன் குமிழ், குறுக்கிட்டு மோதலைத் தாங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது 25 விழுக்காடு கூடுதல் விறைப்புள்ள, அதாவது மி.மீ.க்கு 2.5 கிலோ என்ற அளவிலான சுருள்வில்லைப் பொருத்தி வண்டியை 30 மி.மீ. தாழ்த்த வேண்டும். புதிய வில் அதே 300 கிலோ பாரத்துக்கு 120 மி.மீ. மட்டுமே அமுங்கும் என்பதால், பழைய வில்லின் நீளத்திலேயே அது செய்யப்பட்டிருந்தால் வண்டி தாழ்வதற்குப் பதில் 30 மி.மீ. உயர்ந்துவிடும். ஆகவே 30 மி.மீ. தாழ்த்துவதற்குப் புதிய வில் பாரமற்ற நிலையில் பழையதைவிட 60 மி.மீ. குட்டையாக இருந்தாக வேண்டும். பெட்டியைப் பிரித்து இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பவர், வண்டி மிகவும் இறங்கிவிடுமோ என்று அஞ்சுவது இதனால்தான். அந்த அச்சம் தேவையற்றது. அஞ்ச வேண்டிய இடம் வேறு.

வண்டி 30 மி.மீ. இறங்கிய பிறகு பம்ப் ஸ்டாப் வரை மிஞ்சியிருக்கும் தூரம் 70 அன்று, 40 மி.மீ. மட்டுமே. ஒரு குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது எழும் ஆற்றலை அந்தத் தூரத்துக்குள் வில் விழுங்கியாக வேண்டும். வில் விழுங்கும் ஆற்றலோ அதன் விறைப்போடு நேர்விகிதத்திலும், அசையும் தூரத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. பழைய வில் 70 மி.மீ. தூரத்தில் ஏற்றுக்கொண்டது, 4.9 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வெளிப்படும் அளவு ஆற்றலை. புதிய வில் விறைப்பானதாக இருந்தும், 40 மி.மீ. தூரத்தில் அதனால் ஏற்க முடிவது 2 கிலோ எடை விழும் அளவை மட்டுமே. இழந்த தூரத்தை விறைப்பால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால் வில்லின் விறைப்பு மி.மீ.க்கு 6 கிலோவைத் தாண்ட வேண்டும், அதாவது மூன்று மடங்காக வேண்டும். அப்படிப்பட்ட வில்லோடு ஒருவர் நகரச் சாலையில் அன்றாடம் பயணம் செய்ய முடியாது. சஸ்பென்ஷனின் இயல்பான ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 1.3 முறை என்ற அளவிலிருந்து 2.25 முறையாகிவிடும், சாதாரணப் பயணிகள் கார்கள் பெரும்பாலும் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட ஆட்டத்தில் அமைக்கப்படுகின்றன, இரண்டுக்கு மேற்பட்டவை பந்தயத் தளத்துக்கு உரியவை. எனவே எந்த உற்பத்தியாளரும் அந்த எல்லைக்குப் போவதில்லை. 20 முதல் 30 விழுக்காடு விறைப்பைக் கூட்டிவிட்டு, எஞ்சிய மோதலைப் பம்ப் ஸ்டாப்பின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். நல்ல தொகுப்புகளில் அக்குமிழையும் நீண்ட தூரத்துக்கு மெல்ல மெல்ல இறுகும்படி மாற்றி அமைத்து உடன் தருவது இதற்காகவே. தாழ்த்தப்பட்ட வண்டி முரட்டுத்தனமாக இருக்கிறது என்று உரிமையாளர்கள் குறைபட்டுக்கொள்ளும்போது, பெரும்பாலும் அவர்கள் உணர்வது வில்லின் விறைப்பை அன்று, ஒவ்வொரு மேட்டிலும் பம்ப் ஸ்டாப் போய் இடிப்பதையே.

கொடுக்கும் விலை இவ்வளவு என்றால் பெறுவது எவ்வளவு என்பதையும் நேர்மையாக அளந்து பார்க்க வேண்டும். வண்டி திருப்பத்தில் செல்லும்போது உட்புறச் சக்கரங்களின் பாரம் குறைந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அம்மாற்றம் ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், சக்கரங்களுக்கிடையே 1,450 மி.மீ. அகலமும் உள்ள மேற்படி கார், புவியீர்ப்பின் பாதி அளவு பக்கவாட்டு முடுக்கத்தோடு திரும்பும்போது ஏறத்தாழ 209 கிலோ பாரம் இடம் மாறுகிறது. உடல் 30 மி.மீ. இறங்கினால் அது சுமார் 197 கிலோவாகும். வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. ஓட்டுநர் உணரும் துடிப்பில் பெரும்பங்கு விறைப்பான வில் உடலின் சாய்வைக் குறைப்பதால் வருவது.

அதிலும் ஒரு நுட்பமான எதிர்விளைவு இருக்கிறது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில், சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பே இருக்கிறது. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய இவ்வமைப்பு, 1950இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபைர் கார்களின் வழியே பரவலான புகழ் பெற்றது. இடம் குறைவாக எடுத்துக்கொள்ளும், செலவும் குறைவு. இதில் வண்டியின் உடல் ஒரு அச்சைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறது என்று கொண்டால், அந்த அச்சின் உயரத்தைத் தீர்மானிப்பது கீழேயுள்ள கன்ட்ரோல் ஆர்ம் எனப்படும் கையின் சரிவு. உடல் இறங்கும்போது கையின் உள்முனையும் இறங்கிவிடுவதால், சாய்வு அச்சு ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள நெம்புகோல் நீள்கிறது. கை கிடைமட்டத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் சரியும் அளவுக்குத் தாழ்த்தப்பட்ட வண்டியில், புதிய விறைப்பின் ஒரு பகுதி அந்த நெம்புகோலை ஈடுகட்டவே செலவாகிவிடும். 50, 60 மி.மீ. என்று இறக்கியவர் 25 மி.மீ. இறக்கியவரைவிட நன்றாகத் திரும்புவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுவே.

பணம் செலவழிக்காமலே தாழ்த்தும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிக வம்சாவளி இளைஞர்களிடையே வளர்ந்த லோரைடர் மரபில், தொடக்கக் காலத்தில் வண்டியின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். பிறகு சுருள்வில்லின் வளையங்களை வெட்டினார்கள். 1950களின் இறுதியில், சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் இறங்கியிருக்கக் கூடாது என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியபோது, ரான் அகிரே என்பவர் தம் கொர்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, நினைத்தபோது ஏற்றி இறக்கும் வழியைக் கண்டார். அங்கே வண்டியைத் தாழ்த்துவது ஒரு சமூகத்தின் அடையாளமாகவே வளர்ந்தது. அந்த வகையில் அது மதிக்கத்தக்க கைவினை. ஆனால் லோரைடர் வண்டி மெதுவாக ஊர்வலம் போவதற்காக அமைக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் ஓடும் குடும்பக் காருக்கு அதே வெட்டுவேலையைச் செய்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

வெட்டப்பட்ட சுருள்வில்லைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, அது மென்மையாகிவிடும் என்பது. உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு சுருள்வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் படியோடு கூடுகிறது; வளையத்தின் விட்டத்தின் மூன்றாம் படியோடும், வேலைசெய்யும் வளையங்களின் எண்ணிக்கையோடும் குறைகிறது. கம்பியின் விட்டம் 12 மி.மீ.யிலிருந்து 13 ஆனால் போதும், விறைப்பு 38 விழுக்காடு கூடிவிடும். ஆறு வளையங்களில் ஒன்றை வெட்டி எடுத்தால் விறைப்பு 20 விழுக்காடு கூடும், வண்டியும் ஏறத்தாழ 30 மி.மீ. இறங்கும். காகிதத்தில் பார்த்தால் இது விலைகொடுத்து வாங்கும் வில்லின் கணக்கேதான். கெடுதல் நிகழ்வது வெட்டப்பட்ட முனையில். கார்களின் சுருள்வில் முனைகள் பலவகை: சில வெறுமனே முடிபவை, சில தட்டையாக்கிச் சாணை பிடிக்கப்பட்டவை, சில உள்நோக்கிச் சுருங்கிப் பன்றிவால்போல் முடிபவை. ஒவ்வொன்றும் அதற்கென்றே அச்சடித்த இருக்கையில் அமரும்படி செய்யப்பட்டது. அம்முனையை இழந்த வில் இருக்கையில் ஒரு புள்ளியில் மட்டும் ஊன்றி நிற்கிறது, ஷாக் அப்சார்பரின் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, ஓட்டத்தில் இடம் மாறுகிறது. வெட்டும்போது மேற்பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கிறது. துருவின் சிறு குழிகளே பிற்காலத்தில் வில் முறியும் இடங்களாகின்றன.

இன்னும் மோசமானது தீயில் காய்ச்சி இறக்குவது. வாகனச் சுருள்வில்லுக்கான எஃகு, சிலிக்கன், குரோமியம் போன்றவை கலந்த கலப்பு உலோகம். அதனைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பின்பு சில நூறு டிகிரி வெப்பத்தில் மீண்டும் பதப்படுத்தித்தான் கடினமும் நெகிழ்வும் ஒருங்கே அமைந்த நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். அதன் பிறகு, சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி மேற்பரப்பு முழுவதையும் தட்டி, அங்கே ஓர் இறுக்கத்தை உண்டாக்குகிறார்கள். பல இலட்சம் முறை அமுங்கி விரியும் வில்லில் விரிசல் தொடங்காமல் காப்பது அவ்விறுக்கம். வண்டியிலிருந்து கழற்றாமலேயே எரிவாயுச் சுடரைக் காட்டி வில் தொய்ந்து இறங்கும்வரை காய்ச்சும் ஒருவர், இத்தனை உழைப்பையும் சில நிமிடங்களில் அழித்துவிடுகிறார். நான்கு வில்களும் ஒரே அளவு தொய்ந்தனவா என்பதும் தெரியாது, நாளை எவ்வளவு தொய்யும் என்பதும் தெரியாது. பணமில்லை என்பது இதைச் செய்வதற்கு ஒரு காரணமே ஆகாது. அந்த வண்டியின் பின்னிருக்கையில் அமர்பவர்கள் அந்தச் சிக்கனத்துக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் அல்லர்.

வெட்டிய வில்லுக்கும், அளவு தவறிச் செய்யப்பட்ட மலிவு வில்லுக்கும் பொதுவான இன்னொரு குறை, சக்கரம் கீழே தொங்கும்போது வெளிப்படுவது. மேற்படி காரில் சக்கரம் நிற்கும் நிலையிலிருந்து 85 மி.மீ. கீழிறங்க முடியும் என்றால், அப்போதும் பழைய வில் 65 மி.மீ. அமுங்கிய நிலையில் இறுக்கமாகவே இருக்கும். 30 மி.மீ. தாழ்த்திய பிறகு சக்கரம் கீழிறங்கும் தூரம் 115 மி.மீ. ஆகிறது, புதிய வில் அமுங்கியிருப்பதோ 120 மி.மீ. மட்டுமே, மிச்சம் 5 மி.மீ. இன்னும் சற்று அதிகமாகத் தாழ்த்தினால் வில் இருக்கையில் தளர்ந்து ஆடத் தொடங்கும்; திடீர்ப் பள்ளத்தில் சக்கரம் தொங்கி மீண்டும் தரையைத் தொடும்போது அது இடம் மாறி அமரலாம். நல்ல உற்பத்தியாளர்கள் வில்லின் ஒரு முனையில் சில வளையங்களை நெருக்கமாகச் சுற்றி விடுவது இந்தக் குறையைத் தீர்க்கவே. வண்டி நிற்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டி வேலையற்றுக் கிடக்கும். சக்கரம் தொங்கும்போது விரிந்து வில்லை இருக்கையோடு பிடித்துவைக்கும். கடையில் இருவேறு தொகுப்புகளைப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது பளபளக்கும் வண்ணப்பூச்சை அன்று, நெருங்கிச் சுற்றிய அவ்வளையங்களையும், இன்ன மாடல், இன்ன எஞ்சின், முன்னச்சுக்கு இவ்வளவு பாரம் வரை என்று வில்லிலேயே அச்சிட்ட எண்களையும்தான்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயர் அது செய்யும் வேலையை மறைக்கிறது. அதிர்ச்சியை ஏற்பது சுருள்வில். ஏற்ற ஆற்றலை வெளியேவிட்டு வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும்போது, அத்துள்ளலை எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் சிறு துளைகள் வழியே நெருக்கி வெப்பமாக்கி அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் துளைகள் பழைய வில்லின் விறைப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. வில் 25 விழுக்காடு விறைப்பானால் அதே ஷாக் அப்சார்பரின் அடக்கும் திறன் ஒப்பளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. புதிதாக இருந்தால் அது சமாளித்துவிடும். 60,000, 70,000 கி.மீ. ஓடிய, எண்ணெய் கசியத் தொடங்கிய ஒன்றின் மேல் புதிய விறைப்பான வில்லை ஏற்றினால், வண்டி ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் மிதந்து ஆடும், சில மாதங்களில் ஷாக் அப்சார்பர் முற்றிலும் ஓய்ந்துபோகும். அதோடு, தாழ்ந்த வண்டியில் தண்டு எப்போதும் குழாயின் அடிப்பகுதிக்கு அருகிலேயே இயங்குகிறது. இதற்கென்றே குட்டையான ஷாக் அப்சார்பர்கள் செய்யப்படுகின்றன: ஜெர்மானிய நிறுவனமான பில்ஸ்டீனின் வரிசையில் பி6 என்பது வழக்கமான உயரத்துக்கும், பி8 என்பது தாழ்த்தும் வில்களுக்காகக் குட்டையாக்கப்பட்டதாகவும் விற்கப்படுவது இந்த வேறுபாட்டை எளிதில் காட்டும். ஆகவே குறைந்த செலவுத் திட்டம் என்பதை நான்கு வில்களின் விலையாக மட்டும் எண்ணுவது தவறான தொடக்கம். வில், ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப், கழற்றிப் பூட்டும் கூலி, வீல் அலைன்மென்ட் ஆகிய அனைத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கப்பட வேண்டும். அவ்வளவு இல்லையென்றால், வில்லை ஒத்திப்போட்டு ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றுவது வண்டியின் ஓட்டத்துக்கு அதிக நன்மை தரும்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலை, பட்டறையில் நிகழும் வேலைகளிலேயே எச்சரிக்கை மிகுதியாக வேண்டுவன சிலவற்றுள் ஒன்று. வண்டியிலிருந்து முழுவதுமாகக் கழற்றி மேசைமேல் வைத்த ஸ்ட்ரட்டுக்குள்ளும், மேற்கண்ட கணக்கின்படி, வில் 65 மி.மீ. அமுங்கிய நிலையில் 130 கிலோ விசையோடு காத்திருக்கிறது. தண்டின் உச்சியிலுள்ள ஒரே ஒரு நட்டுதான் அதைப் பிடித்துவைத்திருப்பது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் எனப்படும் கொக்கிகளை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, வில் தன் இருக்கையிலிருந்து விலகிச் சுழல்வதைக் கையால் உறுதிசெய்துகொண்ட பிறகே அந்த நட்டைத் தொட வேண்டும். பிரித்தவுடன் மேலிருந்து வரிசையாக வருபவை ரப்பர் மவுண்ட், பேரிங், மேல் இருக்கை, தூசியுறை, பம்ப் ஸ்டாப். அவற்றில் நைந்தவற்றை அப்போதே மாற்றிவிடுவது மீண்டும் ஒரு கூலியை மிச்சப்படுத்தும். வில்லின் கீழ்முனை, இருக்கையில் அதற்கென்று உள்ள படியில் இடித்து நிற்க வேண்டும்; விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேலை முடியும் தருவாயில் பெரும்பாலான பட்டறைகள் தவறவிடும் ஒரு சிறு செயல் உண்டு. கன்ட்ரோல் ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலும் உறுப்பன்று. நடுவிலுள்ள உலோகக் குழாயும் வெளிவளையமும் ரப்பரோடு ஒட்டப்பட்டிருக்க, ரப்பர் முறுக்கிக்கொள்வதாலேயே கை அசைகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இதன் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், விரைவில் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, சக்கரங்களின் மேல் வண்டியின் முழுப் பாரமும் அமர்ந்த பிறகு இறுக்குவதே முறை. கூடுதல் செலவு ஏதுமில்லாத இந்தச் செயலைக் கேட்டுச் செய்யச்சொல்லும் உரிமையாளர், பட்டறையாளரின் மதிப்பையும் பெறுவார்.

வண்டி தாழ்ந்ததும் சக்கரங்களின் கோணங்கள் மாறிவிடுகின்றன. சக்கரத்தின் மேற்புறம் உள்ளோ வெளியோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது டோ. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்துபோனால் பலரும் கேம்பரையே குறை சொல்வார்கள். ஆனால் உண்மையில் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. 600 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒன்று அதன் நேர்த்திசையிலிருந்து 3 மி.மீ. மட்டுமே திரும்பியிருந்தாலும், ஒவ்வொரு கி.மீ. ஓட்டத்திலும் அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டாகத் தார்ச்சாலையில் தேய்க்கப்படுகிறது. ஸ்டியரிங்கின் டை ராடு சரிந்துவிட்ட காரணத்தால் தாழ்த்திய எல்லா மெக்ஃபெர்சன் வண்டிகளிலும் இது ஓரளவு மாறியே தீரும். எனவே புதிய வில்கள் அமர்வதற்குச் சில நாள் ஓடவிட்டு அலைன்மென்ட் பார்ப்பது தவிர்க்க முடியாதது. பின்புறம் டார்ஷன் பீம் என்ற ஒற்றை உத்திரம் உள்ள சிறிய கார்களில் இந்தத் தொல்லை குறைவு. பல கைகள் கொண்ட பின்சஸ்பென்ஷனில் கேம்பர் அதிகமாக மாறி, திருகிச் சரிசெய்யும் தனிக் கைகளும் வாங்க வேண்டிவரலாம். முன்விளக்குகளின் ஒளிக்கோட்டையும், கேமரா, ரேடார் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் கருவிகள் இருந்தால் அவற்றின் அளவீட்டையும் சரிபார்க்க வேண்டும்.

இந்தியச் சாலைகளில் தாழ்த்திய வண்டிக்கு எதிரி வேகத்தடை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எந்த வேகத்தடை என்பதைக் கணக்கு காட்டுகிறது. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டு விதி பரிந்துரைப்பது 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மேடு. 2,450 மி.மீ. சக்கர இடைவெளி உள்ள கார் அதன் உச்சியை நடுவில் வைத்து நிற்கும்போது, முன்பின் சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருப்பதால், வண்டியின் வயிற்றுக்கும் மேட்டின் உச்சிக்கும் இடையே குறையும் இடைவெளி ஏறத்தாழ 44 மி.மீ. மட்டுமே. தெருவாசிகள் தாங்களே போட்டுக்கொள்ளும், ஓரடி ஈரடி அகலமுள்ள செங்குத்தான மேடோ, முன்பின் சக்கரங்கள் சமதரையில் நிற்க, அதன் முழு 100 மி.மீ. உயரத்தையும் வயிற்றுக்குக் கீழே நீட்டுகிறது. வெறும் வண்டியில் 165 மி.மீ. தரையிடைவெளி உள்ள காரை 30 மி.மீ. தாழ்த்தி, ஐந்து பேர் அமர்ந்து அது மேலும் 40 மி.மீ. இறங்கினால் மிஞ்சுவது 95. விதிப்படி அமைந்த மேட்டை அந்த வண்டி சிரமமின்றிக் கடந்துவிடும். விதிமீறிய மேட்டில் உரசும். தாழ்த்த நினைப்பவர் தம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே எத்தகைய மேடுகள் உள்ளன என்று ஒருமுறை இறங்கி அளந்து பார்த்தால், எவ்வளவு தாழ்த்தலாம் என்ற கேள்விக்கு வேறு யாரிடமும் விடை கேட்க வேண்டியிராது.

இத்தொழில் முதிர்ந்து நிற்கும் நாடு ஜெர்மனி. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற சுருள்வில் நிறுவனங்கள் அங்கு உருவானவை. அங்கே ஒவ்வொரு தொகுப்பும் எந்த வண்டிக்கு, எந்த டயர் அளவோடு பொருந்தும் என்ற ஆய்வறிக்கையோடு விற்கப்படுகிறது; பொருத்திய பின் ட்யூஃப் போன்ற சோதனை அமைப்பிடம் வண்டியைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். தவறினால் வண்டியின் இயக்க அனுமதியே இல்லாமற்போகக்கூடும். தடையும் இல்லை, கட்டற்ற போக்கும் இல்லை. ஆசையுள்ளவருக்கு ஒரு நேர்வழியை அரசே காட்டிவைத்திருக்கிறது. இந்தியாவில் அத்தகைய வழி தெளிவாக அமையவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது; அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. தரமான வில்லை முறையாகப் பொருத்தியவரையும், தீயில் காய்ச்சி இறக்கியவரையும் பிரித்தறியும் சோதனை ஏற்பாடு இல்லாத இடத்தில் இருவரும் ஒரே ஐயத்தோடுதான் பார்க்கப்படுவார்கள். முறையாகச் செய்ய விரும்புபவருக்கு இது அநீதி. எனவே மாற்றத்துக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், விபத்துக் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்துவழியே விவரம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

உண்மையிலேயே கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்குப் பல நாடுகளில் பயன்பட்டுவரும் ஒரு வழி, அதே மாடலின் ‘ஸ்போர்ட்’ வகை வண்டியிலிருந்து கழற்றப்பட்ட சஸ்பென்ஷனை வாங்கிப் பொருத்துவது. உற்பத்தியாளர்களே தம் வேகவகைக் கார்களைச் சற்றுத் தாழ்த்தித்தான் விற்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. சாதாரண கோல்ஃபைவிட ஏறத்தாழ 15 மி.மீ. தாழ்ந்தது. அந்த வண்டியை வாங்கியவர் இன்னும் விலையுயர்ந்த காயிலோவருக்கு மாறும்போது, அதிகம் ஓடாத வில்லும் அதற்கென்றே அளவெடுத்த ஷாக் அப்சார்பரும் பம்ப் ஸ்டாப்பும் ஒன்றாக, புதிய வில்லின் விலைக்கு அருகிலேயே கிடைத்துவிடுகின்றன. 15 மி.மீ. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அசைவுத் தூரம், வில், ஷாக் அப்சார்பர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதால் ஓட்டத்தில் அந்த வேறுபாட்டை உணர முடியும். வாங்கும்போது ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றி எண்ணெய்ப்பசை இருக்கிறதா, வில்லின் கீழ்முனை வளையத்தில் துருப்பிடித்து உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வில்லின் மேல் உள்ள வண்ணப்புள்ளிகளையும் பாக எண்ணையும் ஒப்பிடுவது அதைவிட முக்கியம், ஏனெனில் ஒரே மாடலிலும் எஞ்சினின் எடைக்கேற்ப வில் மாறுகிறது. கனமான டீசல் எஞ்சினுக்காகச் செய்த முன்புற வில்லைப் பெட்ரோல் வண்டியில் போட்டால், தாழ வேண்டிய வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.